ஈட்டியைப் பொறுக்கிக் கொடுத்தது அதீனா, புகழ் மட்டும் அக்கிலீஸுக்கா?

ஜூன் 3, இரவு 9.12 (கேள்வி)

ஓமரின் கிரேக்கக் காவியம் இலியட், 22-ஆம் காண்டம் வரை வந்தாயிற்று. கடுப்பாக இருக்கிறது. கிரேக்க வீரன் அக்கிலீஸ் ட்ராய் இளவரசன் ஹெக்டர்மேல் எறிந்த ஈட்டி குறி தப்புகிறது. தேவி அதீனா அதை மண்ணிலிருந்து பிடுங்கி, ஹெக்டர் கண்ணில் படாமல், அக்கிலீஸ் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறாள். தம்பி டெய்ஃபோபஸ் உருவத்தில் வந்து ஹெக்டரை நம்ப வைத்ததும் அவள்தான். நடுவரே பந்தைப் பொறுக்கி ஒரு பக்கத்துக்குக் கொடுக்கிற ஆட்டத்தில் ஜெயித்தவனுக்குக் கோப்பை எதற்கு? எந்தக் கடவுளும் துணையில்லாமல் நின்ற ஹெக்டர்தான் இந்தக் கதையில் வீரன். மறுப்பவர்கள் வரலாம்.

ஜூன் 3, இரவு 10.40

கடைசி வரிக்கு முந்தையது மட்டும் தவறு. ஹெக்டருக்குக் கடவுள் துணை இல்லை என்பது அந்தக் கடைசி சில நிமிடங்களுக்குத்தான் பொருந்தும்.

காட்சியின் வரிசையைப் பாருங்கள். மதிலைச் சுற்றி மூன்று முறை ஓட்டம். நான்காம் முறை இரண்டு ஊற்றுகளை எட்டுகிறார்கள். ஒன்றில் நீர் கொதிக்கும், மற்றதில் கோடையிலும் பனிக்கட்டி போலிருக்கும். போருக்கு முன் ட்ராய்ப் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டிகள் அங்கேதான். ஸீயஸ் பொன் தராசைத் தூக்குகிறான், ஹெக்டரின் தட்டு தாழ்கிறது, அதே அடியிலேயே (213) அப்போலோ அவனை விட்டு விலகுகிறான். பத்து அடி முன்னால் போய்ப் பாருங்கள்: அதுவரை ஹெக்டரின் முழங்காலுக்கு வேகம் கொடுத்து ஓட வைத்ததே அப்போலோதான் என்று கவிஞரே சொல்கிறார்.

இன்னும் பின்னால் போனால் 12-ஆம் காண்டத்தில் கிரேக்கர் மதிலின் கதவை ஹெக்டர் உடைத்த கல். இன்றைய ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தாலும் வண்டியில் ஏற்றத் திணறுவார்கள். ஸீயஸ் அதை அவனுக்கு லேசாக்கினான். 14-இல் கிரேக்க வீரன் அஜாக்ஸின் கல் நெஞ்சில் பட்டு ரத்தம் கக்கிக் கிடந்தவனை 15-இல் அப்போலோ எழுப்பி நிறுத்துகிறான். அதோடு விடாமல், கடற்கரையில் குழந்தை மணல்வீட்டைக் காலால் கலைப்பது போல அந்த மதிலைத் தள்ளி வழியும் போட்டுக் கொடுக்கிறான். 22-இல் ஹெக்டர் போட்டிருக்கும் கவசம் யாருடையது? அக்கிலீஸுடையது, அதை அணிந்து வந்த அவன் நண்பன் பட்ரோக்ளஸின் உடம்பிலிருந்து உருவியது. அந்தக் கவசத்தைக் கழற்றிக் கொடுத்ததும் ஒரு கடவுள்.

நடுவர் இரண்டு பக்கமும் ஆடுகிறார். அன்றைக்கு மட்டும் ஒரு பக்கம்.

ஜூன் 4, காலை 7.05

இரவு எழுதியது பாதிதான். “அவனுக்கும் உதவி கிடைத்தது” என்பது கேள்விக்குப் பதிலாகாது, கணக்கை நேர் செய்வது மட்டுமே. உண்மையான கேள்வி: உதவி கிடைத்தால் வீரம் குறையுமா?

காவியத்தில் இருப்பவர்கள் யாரும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. ஈட்டி எறிவதற்கு முன்பே அக்கிலீஸ் ஹெக்டரிடம் நேராகச் சொல்கிறான்: பல்லஸ் அதீனா என் ஈட்டியால் உன்னை வீழ்த்துவாள் (22.270). மறைக்கவில்லை, கூச்சப்படவும் இல்லை, ஒரே வாக்கியத்தில் அவளும் ‘என் ஈட்டி’யும் இருக்கின்றன. அதீனா அவனிடம் பேசும்போது (216) ‘நாம் இருவரும்’ பெரும் புகழைக் கப்பலுக்குக் கொண்டு போவோம் என்கிறாள். கிரேக்கத்தில் அது இருமை எண், இருவருக்கு மட்டும் உரிய வடிவம். தமிழ் ‘நாம்’ அதைக் காட்டாது.

ஜூன் 4, மதியம் 1.30 (கேள்வி கேட்டவர்)

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஹெக்டருக்கும் உதவி. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கர்ணன் தேர்ச்சக்கரம் புதைந்தபோது அடித்த மாதிரிதானே இதுவும்.

ஜூன் 4, இரவு 11.20

அங்கே கர்ணனே “தர்மமா இது” என்று கேட்கிறான். ஹெக்டர் அப்படிக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவன் எறிந்த ஈட்டி அக்கிலீஸின் கேடயத்தின் நடுவே பட்டுத் தெறித்துப் போகிறது. இன்னொரு ஈட்டிக்கு டெய்ஃபோபஸைக் கூப்பிடுகிறான். ஆளில்லை. ஒரே கணத்தில் புரிந்துகொள்கிறான்: கடவுள்கள் என்னைச் சாவுக்கு அழைத்துவிட்டார்கள், பக்கத்தில் இருந்தது அதீனா. அடுத்து அவன் முறையிடவில்லை. போராடாமல், பேர் இல்லாமல் சாகமாட்டேன், பின்னால் வருகிறவர்கள் கேட்கும்படி ஒன்றைச் செய்துவிட்டே சாவேன் என்று வாளை உருவிக் கழுகு போலப் பாய்கிறான் (304 முதல்).

வாள் நெருங்கி வந்தால்தான் வேலை செய்யும். எதிரி கையில் ஈட்டி. தன் பழைய கவசம் ஆதலால் அதில் எங்கே இடைவெளி என்று அக்கிலீஸுக்குத் தெரியும்: காறை எலும்பு கழுத்தைச் சேரும் இடம். குத்தியது அங்கேதான். மூச்சுக்குழல் அறுபடாததால் ஹெக்டர் சாகும்போது பேச முடிகிறது. ஓமர் இந்த மாதிரி உடற்கூற்று விவரத்தைச் சும்மா வைப்பதில்லை. அடுத்த முப்பது அடிகளின் பேச்சுக்கு அவருக்கு அந்தக் குழாய் தேவை.

ஜூன் 5, காலை 6.50

கர்ணனைப் பற்றிய மேல்வரியைக் கொஞ்சம் அவசரமாக எழுதிவிட்டேன். இலியடிலும் குறைகூறல் உண்டு, ஆனால் பட்ரோக்ளஸ் வாயில்.

16-ஆம் காண்டத்தில் அவன் மூன்று முறை பாய்ந்து, பாய்ச்சலுக்கு ஒன்பது பேர் வீதம் இருபத்தேழு பேரைக் கொல்கிறான். நான்காம் பாய்ச்சலில் மூடுபனிக்குள் வரும் அப்போலோ பின்னாலிருந்து உள்ளங்கையால் முதுகில் அறைகிறான். கண் சுழல்கிறது. தலைக்கவசம் உருள்கிறது, ஈட்டி நொறுங்குகிறது, கேடயம் வாரோடு விழுகிறது, மார்க்கவசம் கழல்கிறது. பிறகு ட்ராய் வீரன் யூஃபோர்பஸ் முதுகில் ஈட்டி பாய்ச்சிவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடுகிறான். ஹெக்டர் வந்து அடிவயிற்றில் குத்துகிறான். சாகும்போது பட்ரோக்ளஸ் சொல்வது: உன்னைப் போல இருபது பேர் வந்திருந்தாலும் என் ஈட்டிக்கு விழுந்திருப்பார்கள், என்னைக் கொன்றது விதியும் லேட்டோவின் மகனும் (அப்போலோ), மனிதரில் யூஃபோர்பஸ், நீ மூன்றாம் ஆள்.

கடவுள் உதவியால் ஒருவனுடைய வெற்றி சிறுத்துப் போனதைக் காவியமே சொல்லும் இடம் இது. சிறுத்தது ஹெக்டரின் வெற்றி.

இன்னொன்று: முதுகுப் புண். 13-ஆம் காண்டத்தில் கிரேக்கத் தலைவன் இடோமெனியஸ் தன் தோழன் மெரியோனஸிடம், உனக்கு அடி பட்டால் அது பிடரியிலோ முதுகிலோ இருக்காது, மார்பிலோ வயிற்றிலோதான் இருக்கும் என்பான். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனைப் புறநானூற்றில் (65) படித்த நமக்கு இது தனியாக விளக்கத் தேவையில்லை. பட்ரோக்ளஸுக்கு முதுகில் புண் வந்தது கடவுள் பின்னாலிருந்து அறைந்து திகைக்க வைத்ததால், அவன் திரும்பி ஓடியதால் அல்ல.

ஜூன் 5, இரவு 8.15

கடவுளே துணையில்லாத வீரன் வேண்டும் என்றால் ஹெக்டரை விடுங்கள், டெலமோனின் மகன் அஜாக்ஸைப் பிடியுங்கள். யாரும் அவனுக்கு உதவுவதில்லை. கேடயமும் பிடிவாதமும் மட்டும்.

ஜூன் 6, காலை 7.30

நேற்றைய குறிப்பு தவறு. பலரும் சொல்வதை நானும் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். 13-ஆம் காண்டத் தொடக்கத்தில் போஸைடன், குறிசொல்லி கால்காஸ் வேடத்தில் வந்து இரண்டு அஜாக்ஸையும் கோலால் தட்டுகிறான். இருவருக்குள்ளும் ‘மெனோஸ்’ நிறைகிறது, கை கால் லேசாகிறது. இதில் வேடிக்கை, ஒயிலியஸின் மகன் (சின்ன அஜாக்ஸ்) உடனே கண்டுபிடித்துவிடுகிறான்: இது கால்காஸ் இல்லை, போகும்போது காலும் நடையும் பார்த்தேன், ஏதோ கடவுள். பெரிய அஜாக்ஸுக்கு அந்த ஆராய்ச்சி இல்லை. என் கையும் ஈட்டிக்குத் துடிக்கிறது, ஹெக்டரோடு தனியாகவே மோதத் தயார் என்கிறான். அவ்வளவுதான்.

ஆக, ‘உதவியே இல்லை’ என்பது பொய். எந்தக் கடவுளும் அவன் பக்கத்தில் தொடர்ந்து நிற்கவில்லை என்று சொன்னால் சரி.

இந்த ‘மெனோஸ்’ பற்றி ஒரு வரி. அது வெளியிலிருந்து ஊற்றும் தைலம் இல்லை, ஆளுக்குள் ஏற்கெனவே இருக்கும் உந்துவிசை. கடவுள் அதைக் கூட்டுகிறார். கோழைக்குள் ஊதி வீரனாக்கிய காட்சியை இலியடில் தேடினேன், அகப்படவில்லை.

ஜூன் 6, இரவு 9.55

அஜாக்ஸ் பேச்சு வந்ததால் 15-ஆம் காண்டம், டியூசர் காட்சி. ஹெக்டரைக் குறி வைக்கிறான். அன்று காலைதான் புதிதாகக் கட்டிய நாண், பல அம்பு தாங்கட்டும் என்று முறுக்கியது. ஸீயஸ் அதை அறுக்கிறான். அம்பு வழி தவறுகிறது, வில் கையிலிருந்து விழுகிறது. டியூசர் நடுங்கி, ஏதோ கடவுள் நம் போரைக் கெடுக்கிறான் என்கிறான். அண்ணன் அஜாக்ஸின் பதில்: அப்படியானால் வில்லைக் கீழே போடு, நீளமான ஈட்டியை எடு, தோளில் கேடயத்தை மாட்டு, சண்டை போடு. கடவுள் எதிர்த்தால் ஆயுதத்தை மாற்று. இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

17-இல் மூடுபனி சூழ்ந்தபோது அவன் ஸீயஸிடம் கேட்பதும் இதே அழகு: பனியை விலக்கு, கண்ணால் பார்க்க விடு, கொல்வதானால் வெளிச்சத்தில் கொல். உயிரைக் கேட்கவில்லை.

ஜூன் 8, காலை 10.10

இரண்டு நாள் இடைவெளியில் மூன்று-நான்கு கணக்கு பார்த்தேன். கிரேக்க வீரன் டயோமிடீஸ் (5-ஆம் காண்டம்) அப்போலோ காக்கும் ட்ராய் வீரன் ஈனியஸ் மேல் மூன்று முறை பாய்கிறான், நான்காவதில் அப்போலோ அதட்டுகிறான்: யோசி, பின்வாங்கு, கடவுள் இனமும் மண்ணில் நடக்கும் மனித இனமும் ஒன்றல்ல. டயோமிடீஸ் ‘கொஞ்சம்’ பின்வாங்குகிறான். அந்தக் ‘கொஞ்சம்’ ஓமருடையது. பட்ரோக்ளஸ் ட்ராய் மதில்மேல் மூன்று முறை ஏறுகிறான், நான்காவதில் அதட்டல், விலகுகிறான். பிறகு மேலே சொன்ன இரண்டாவது நான்காம் முறை, அதில் அதட்டல் இல்லை, அறை. 20-இல் அப்போலோ ஹெக்டரை மறைத்த மூடுபனியை அக்கிலீஸ் மூன்று முறை குத்துகிறான், நான்காவதில் ஹெக்டர் தப்பியது புரிந்து திட்டுகிறான். 22-இல் நான்காம் சுற்றில் தராசு.

நான்காம் முறை எல்லைக்கோடு. அங்கே கடவுள் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் ஆளின் கதி. கோட்டை அறிந்து நிற்பதும் வீரத்தில் சேர்த்திதான் என்பதற்கு டயோமிடீஸ் சாட்சி. காதல் தேவி அஃப்ரோடைட்டியை மணிக்கட்டருகே கீறி, போர்க் கடவுள் ஏரீஸை அடிவயிற்றில் குத்தியும் உயிரோடு கூடாரம் திரும்பியவன் அவன். இரண்டுக்கும் அதீனாவின் அனுமதி இருந்தது, எல்லையை மீறிய இடத்தில் மட்டும் நின்றான்.

ஜூன் 8, மதியம் 2.00

மறந்துவிட்டேன்: ஏரீஸைக் குத்துமுன் அதீனா தேரோட்டி ஸ்தெனெலஸை இழுத்து இறக்கிவிட்டுத் தானே ஏறுகிறாள். கருவாலி மர அச்சு கிறீச்சிடுகிறது, பாரம் அவ்வளவு. கடவுள் உதவிக்கு எடை உண்டு என்று கணக்குப் போட்ட கவிஞர்.

ஜூன் 9, இரவு 10.30

கேள்வியின் அடிவேருக்கு வருகிறேன். ‘புகழ்’ என்று நாம் ஒரே சொல்லால் முடிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இரண்டு இருக்கின்றன. கூதோஸ், க்ளெயோஸ். (அலுவலக மின்னஞ்சலில் ‘கூடோஸ்’ போடுகிறவர்களுக்கு: அது இந்தக் கூதோஸ்தான், ஸீயஸ் கொடுக்க வேண்டியது, மேலாளர் அல்ல.)

கூதோஸ் என்பது வெற்றிக் கணத்தில் ஒருவன்மேல் இறங்கும் ஒளி. பெரும்பாலும் கடவுள் தருவது, நாளைக்கே அடுத்தவனுக்குப் போய்விடும். 22.216-இல் அதீனா ‘நாம் இருவரும்’ எடுத்துப்போவோம் என்றது கூதோஸ். க்ளெயோஸ் காதால் கேட்கப்படுவது, செத்த பிறகும் பாடகன் வாயில் இருப்பது. அதைக் கடவுள் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. 304-இல் ஹெக்டர் ‘இல்லாமல் சாகமாட்டேன்’ என்று சொல்வது க்ளெயோஸ் இல்லாமல்.

இப்போது உங்கள் கோப்பைக் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். அதீனா கொடுத்த கோப்பை அக்கிலீஸுக்குப் போயிற்று. அவள் கையில் இல்லாத ஒன்றை ஹெக்டர் எடுத்துக்கொண்டான். இலியடின் கடைசி அடி ஹெக்டரின் இறுதிச் சடங்கு.

ஜூன் 10, காலை 8.00

மேலே வெட்டிப் பிரித்த மாதிரி எழுதியது கொஞ்சம் மிகை. எல்லா இடத்திலும் இந்த இரண்டும் இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. ஆனால் 22-ஆம் காண்டத்தில் பிரிகிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 10, இரவு 9.20

‘அப்படியானால் மனிதன் பொம்மையா?’ என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். 1961-இல் ஆல்பின் லெஸ்கி இதைப் பற்றி எழுதியதிலிருந்து ‘இரட்டைத் தூண்டல்’ என்ற பேச்சு நிலைத்துவிட்டது: ஒரே செயலுக்கு மனித மனமும் கடவுளும் சேர்ந்தே காரணம், ஒன்று மற்றதைக் கழிப்பதில்லை. ஓமரில் இதற்கு எனக்குப் பிடித்த வரி 9.702: அக்கிலீஸ் எப்போது போருக்கு வருவான்? நெஞ்சிலுள்ள மனம் ஏவும்போதும், கடவுள் எழுப்பும்போதும். டயோமிடீஸ் சொல்வது, அலட்டிக்கொள்ளாமல். இரண்டும் ஒரே மூச்சில்.

பொறுப்பு யாருக்கு என்பதற்கு 19-ஆம் காண்டம். நான் காரணமில்லை, ஸீயஸும் விதியும் இருளில் நடக்கும் பழிதீர்க்கும் தேவதை எரினிஸும் என் புத்தியை மயக்கினார்கள் என்கிறான் கிரேக்கர் தலைவன் அகமெம்னன், அக்கிலீஸிடமிருந்து பிரிஸெயிஸ் என்ற பெண்ணைப் பறித்ததைப் பற்றி. நல்லது, நழுவிவிட்டான் என்று நினைத்தால், அடுத்து இழப்பீட்டை எண்ணி வைக்கிறான்: முக்காலி ஏழு, கொப்பரை இருபது, குதிரை பன்னிரண்டு, பெண்கள் ஏழு பேர், எட்டாவதாக பிரிஸெயிஸ், பொன் பத்து டேலன்ட். பழி கடவுள்மேல், பில் இவன்மேல்.

முதல் காண்டத்திலும் பாருங்கள். அகமெம்னன்மேல் வாளை உருவும் அக்கிலீஸின் தலைமயிரைப் பின்னாலிருந்து பிடிக்கிறாள் அதீனா. மயிரைப் பிடித்த பிறகும் அவள் பேச்சு ‘நீ கேட்பாயானால்’ என்றுதான் வருகிறது.

ஜூன் 12, காலை 7.45

கனமாகப் போகிறது, 23-ஆம் காண்ட விளையாட்டுப் போட்டிக்கு வாருங்கள். ஓட்டப் பந்தயம். முன்னால் சின்ன அஜாக்ஸ், முதுகை ஒட்டி ஒடிஸியஸ். ஒடிஸியஸ் மனசுக்குள் அதீனாவை வேண்டுகிறான். பட்ரோக்ளஸுக்காக வெட்டிய மாடுகளின் சாணத்தில் அஜாக்ஸ் வழுக்குகிறான், வாயிலும் மூக்கிலும் சாணம். சீதோனியர் செய்த, ஆறு அளவை கொள்ளும் வெள்ளிக் கலயம் ஒடிஸியஸுக்கு, மாடு அஜாக்ஸுக்கு. மாட்டுக் கொம்பைப் பிடித்தபடி, துப்பிக்கொண்டே, “அந்தத் தேவி ஒடிஸியஸுக்குத் தாய் மாதிரி எப்போதும் கூடவே நிற்கிறாள்” என்று புலம்புகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். யாரும் ஆட்டத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை.

வில் போட்டியில் டியூசர் அப்போலோவுக்கு நேர்ச்சை வைக்க மறக்கிறான், புறாவுக்குப் பதில் அதைக் கட்டிய கயிறுதான் அறுந்தது. மெரியோனஸ் நேர்ந்துகொண்டு பறக்கிற புறாவையே அடிக்கிறான். ஒன்றைக் கவனியுங்கள்: பறக்கும் புறாவை அடிக்கத் தெரியாதவன் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படி ஒருவனை ஓமர் களத்தில் நிறுத்தவே இல்லை.

ஜூன் 12, இரவு 11.00 (கேள்வி கேட்டவர்)

அக்கிலீஸுக்குக் குதிகால் தவிர உடம்பெல்லாம் இரும்பு. சாகாத உடம்புக்காரன் சண்டை போடுவது என்ன பெரிய விஷயம்? இதற்கும் பதில் உண்டா?

ஜூன் 13, காலை 6.30

உண்டு. அந்த உடம்பு ஓமரில் இல்லை. குழந்தையாக இருந்தபோது பாதாள ஆறான ஸ்டிக்ஸில் அவனை முக்கியெடுத்த கதை எழுத்தில் நமக்குக் கிடைப்பது கி.பி. முதல் நூற்றாண்டில், லத்தீனில், கவிஞர் ஸ்டேஷியஸ் வழியாக. இலியட் 21-இல் ட்ராய்ப் பக்கத்து ஆஸ்டெரோபயஸ் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஈட்டி எறிகிறான். ஒன்று கேடயத்தில் நிற்கிறது, மற்றது அக்கிலீஸின் வலது முழங்கையைக் கீறி ரத்தம் வடிகிறது. அதே காண்டத்தில் ஆற்று வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, பன்றி மேய்க்கும் பையன் குளிர்கால ஓடையில் அடித்துப் போவது போலச் சாகப் போகிறேனே என்று கதறுகிறான். போஸைடனும் அதீனாவும் வந்து கையைப் பிடித்துத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது.

பசியும் உண்டு. 19-இல் வெறும் வயிற்றோடு படை நாள் முழுக்கச் சண்டை போட முடியாது, முழங்கால் தளரும் என்று ஒடிஸியஸ் விடாப்பிடியாக வாதாடுகிறான். அக்கிலீஸ் சாப்பிட மறுக்கிறான். அதனால் அதீனா இறங்கி வந்து அவன் நெஞ்சில் அமிர்தத்தைச் சொட்டுகிறாள். தெய்வத்தின் மகனுக்கும் சோறு போகவில்லை என்றால் கால் தளரும் என்ற கணக்கு அது.

கொல்லர் கடவுள் ஹெஃபைஸ்டஸ் அவனுக்குச் செய்த கேடயமும் மாயக்கேடயம் இல்லை. ஐந்து அடுக்கு: வெண்கலம் இரண்டு, தகரம் இரண்டு, பொன் ஒன்று. 20-இல் ஈனியஸின் ஈட்டி இரண்டைத் துளைத்துப் பொன்னில் நிற்கிறது. பொன் வெளிப்பக்கம்தானே இருக்கும், அப்புறம் எப்படி இரண்டைத் துளைத்த பிறகு பொன்? பழைய உரைகாரர்களுக்கே இது தலைவலி.

ஜூன் 15, இரவு 9.40

ஒடிஸி பக்கம் போகாமல் முடிக்கக் கூடாது. ஒடிஸியஸ் வீடு திரும்பும்போது அவன் மனைவியை மணக்க வந்து குவிந்திருந்தவர்கள், ஊர்வாரியாக: டுலிகியம் 52, சாமே 24, ஜாகிந்தஸ் 20, இத்தாக்கா 12: மொத்தம் 108 பேர், பணியாட்கள் தனி. எதிரே ஒடிஸியஸோடு சேர்த்து நான்கு பேர். அதீனா அவனுடைய பழைய நண்பன் மென்டர் வேடத்தில் வருகிறாள், ஆனால் முழு வெற்றியைக் கொடுக்கவில்லை, அப்பன் மகன் இருவர் பலத்தையும் இன்னும் சோதித்தாள் என்று 22.236-இல் தெளிவாகவே இருக்கிறது. பிறகு சிட்டுக்குருவி... இல்லை, தகைவிலான் போல உத்தரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

எதிரிகளின் முதல் வீச்சை அவளே வீணாக்குகிறாள்: ஒன்று நிலைக்கம்பத்தில், ஒன்று கதவில், ஒன்று சுவரில். இரண்டாம் வீச்சில் பெரும்பாலானவை மட்டும் வீண். மகன் டெலமக்கஸுக்கு மணிக்கட்டில் கீறல், பன்றி மேய்ப்பன் யூமயஸுக்குத் தோளில் கீறல்.

அவள் தொடாமல் விட்டது இன்னும் முக்கியம். ஆயுத அறைக் கதவைச் சாத்தாமல் வந்தது டெலமக்கஸ். ஆடு மேய்ப்பன் மெலாந்தியஸ் அதன் வழியே போய்ப் பன்னிரண்டு கேடயம், பன்னிரண்டு ஈட்டி, பன்னிரண்டு தலைக்கவசம் எடுத்து எதிரிகளுக்குக் கொடுத்துவிடுகிறான். ஒடிஸியஸின் முழங்கால் தளர்கிறது. அதீனா அப்போது இன்னும் வந்திருக்கவில்லை, எந்தத் தெய்வமும் அந்தக் கதவைச் சாத்தவில்லை. மகன்தான் சொல்கிறான்: தப்பு என்னுடையது, வேறு யாரும் காரணமில்லை. அதற்குப் பிறகு மனிதர்களே போய் மெலாந்தியஸைக் கட்டித் தூக்குகிறார்கள்.

ஜூன் 16, காலை 8.20

கடைசியாக ஏரீஸ். டயோமிடீஸ் குத்தியதும் ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் கத்துவது போல அலறி ஒலிம்பஸுக்கு ஓடுகிறான். கடவுள்களின் மருத்துவன் பையோன் மருந்து தடவுகிறான், அத்திப்பால் பட்ட பால் உறைவது போல அவ்வளவு சீக்கிரம் புண் ஆறிவிடுகிறது. குளித்து, புதுத்துணி உடுத்தி, ஸீயஸ் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் போர்க் கடவுள். ஆனால் அவனை யாரும் வீரன் என்று பாடமாட்டார்கள், இழக்க ஒன்றும் இல்லை. 12-இல் ட்ராய்க்குத் துணையாக வந்த சார்பிடன் தன் தோழன் கிளாக்கஸிடம் சொல்வது இதைத்தான்: இந்தப் போரிலிருந்து தப்பினால் என்றைக்கும் மூப்பும் சாவும் இல்லை என்று இருந்தால் நான் முன்வரிசையில் நிற்கமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன். சார்பிடன் ஸீயஸின் சொந்த மகன். 16-இல் அவனைக் காப்பாற்ற ஸீயஸ் தடுமாறுகிறான், மனைவி ஹீரா மறுக்கிறாள், கடைசியில் அவனால் முடிந்தது ரத்த மழை பொழிவிப்பதும் உடலை ஊருக்கு அனுப்பி வைப்பதும் மட்டும்.

உதவிகளின் பட்டியல் முழுவதிலும் சாவை ரத்து செய்த உதவி ஒன்றைக் காட்டுங்கள். தள்ளிப்போட்டவை உண்டு: ஹெக்டரின் தம்பி பாரிஸ், தலைக்கவச வாரில் கழுத்து நெரிபடும்போது அஃப்ரோடைட்டி வாரை அறுத்து நேராகப் படுக்கையறையில் கொண்டுபோய் வைத்தது. அதற்கு ஹெலன் அவனைப் பேசிய பேச்சு 3-ஆம் காண்டத்திலேயே இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

ஜூன் 16, காலை 8.31

ஜூன் 3 குறிப்பில் ‘பத்து அடி முன்னால்’ என்றது 203, 204.